மூன்று கால் மேசை

"நூத்தம்பது வருஷம் இருக்கும்." மேசைக்கு அடியிலிருந்து இசைவாணியின் குரல் வந்தது. கையில் டார்ச், தலையெல்லாம் மரத்தூள்.

அன்பரசு கடலூர் ஓல்டு டவுனில் மரப்பட்டறை வைத்திருப்பவன். கதவு, ஜன்னல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். கண்ணைத் திறந்துகொண்டு இவளைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

இசைவாணி சிதம்பரத்தில் பழைய மரச்சாமான்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். மேசையோ நாற்காலியோ எதைக் காட்டினாலும் எந்தக் காலத்தது, எதற்குப் பயன்பட்டது என்று சொல்லிவிடுவாள். இந்த மேசைக்காக மட்டும் நாலாவது தடவையாக பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"வயசு புரிஞ்சிடுச்சு. எதுக்குச் செஞ்சாங்கன்னுதான் புரியல" என்றபடி வெளியே வந்தாள். மேசைக்கு மூன்றே கால். நடுவில் ஒரு ஓட்டை, ஒரு பக்கம் சாய்வுப் பலகை. "மொதல்ல பாதிரியார் பைபிள் வைக்கிறதுன்னு நெனச்சேன். போன வாரம் வெத்தலப் பெட்டி வைக்கிறதுன்னு தோணிச்சி. இப்ப பாத்தா வெள்ளக்காரன் தொப்பி வைக்கிறது மாதிரி இருக்கு."

"இருக்கும் மேடம்... இருக்கும்."

"மூணுமேவா?"

அன்பரசு மேலும் கீழுமாகத் தலையாட்டினான். அவள் பலகைக்கு மிக அருகில் மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். கண்ணை மூடி இன்னொரு தடவை மோந்தாள்.

"ஒரு டீ கெடைக்குமா?" என்றாள்.

பிளாஸ்கிலிருந்து ஊற்றும்போது அவன் அவளையே பார்த்ததில் பாதி டீ சட்டையில் போனது. மீதியை வாங்கிக்கொண்டு அவள் நோட்டை மூடினாள்.

"வெள்ளிக்கெழம செமினார். எரநூறு பேராசிரியருங்க வர்றாங்க. இந்த மேசயப் பத்திதான் பேசப்போறேன். உங்க பேரும் ஸ்கிரீன்ல வரும்."

அன்பரசுவுக்குப் பட்டறையே சுற்றியது. இருநூறு பேரில் ஒருவன் கண்டுபிடித்துவிட்டால் கூடப் போதும், இவள் மானம் போய்விடும். தன் மானம் போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டான்.

"மேடம், என்ன மன்னிச்சிடுங்க. அது பழசே இல்ல. நாந்தான் செஞ்சேன். போன மாசம்."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் இதே வாசலில் நின்று, "பழைய சாமான் ஏதாச்சும் இருக்கா?" என்று அவள் கேட்டது. இல்லை என்றால் அப்படியே போய்விடுவாளே என்று, "வீட்டுப் பரண்ல ஒண்ணு இருக்கு, அடுத்த மாசம் வாங்க" என்று உளறியது. குறிஞ்சிப்பாடியில் இடித்த வீட்டு நிலைக்கட்டையை வாங்கி வந்து அறுத்தது. டீ டிகாஷனை ஊற்றி ஊற்றிக் கறுப்பாக்கியது. அவசரத்தில் நாலாவது காலுக்குக் கட்டை பற்றாமல் போனது.

"அந்த ஓட்டை?"

"டிரில்லு வழுக்கிடுச்சி மேடம்."

திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். திட்டு வரவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீயை நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

"செமினார்லாம் ஒண்ணும் கெடையாது. நீங்க எப்பதான் வாயத் தொறக்குறீங்கன்னு பாத்தேன். இது புதுசுன்னு மொத நாளே எனக்குத் தெரியும்."

அன்பரசு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "மொத நாளேவா? அப்பறம் எதுக்கு மேடம் நாலு தடவ வந்தீங்க?"

இசைவாணி தம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க எதுக்கு அதச் செஞ்சீங்களோ, அதுக்குத்தான்."