நாந்த் ஏஜெண்டின் காய்ச்சல்

துரோகியின் வண்டி வாசலில் வந்து நின்றது. பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த ஆமோஸ் தாக்லி, மேஜை மேலிருந்த கடிதத்தைச் சட்டென்று இழுப்பறைக்குள் தள்ளினார்.

சக தூதர் கிடியன் மார்ஷ் இங்கிலாந்துக்கு உளவு சொல்கிறார் என்று பிலடெல்பியாவிலிருந்த அமெரிக்கக் காங்கிரசுக்கு எழுதிய கடிதம் அது. இங்கிலாந்தோடு விடுதலைச் சண்டை நடக்கும்போது பகைநாட்டு அதிகாரி வீட்டுக்குத் திருட்டுத்தனமாகப் போய்வருகிறவரை வேறு என்னவென்று எழுதுவது? போதாததற்கு இரண்டு வாரமாக ஆளையே காணோம். கடிதம் போய்ச் சேர்ந்தால் தூக்குக்கயிறு நிச்சயம்.

கடலில் இங்கிலீஷ்காரன் மடக்குவான் என்று, எதையும் நான்கு நகல் எழுதி நான்கு கப்பலில் அனுப்புவதுதான் வழக்கம். இது நான்காவது. மற்ற மூன்றும் நாந்த் துறைமுகத்துக்குப் போய்விட்டன. ‘கப்பல் ஏஜெண்டுக்குக் காய்ச்சல், உறைகள் அப்படியே கிடக்கின்றன’ என்று அங்கிருந்து ஆடி அசைந்து இன்று காலைதான் சேதி வந்தது. தாக்லி அந்த ஏஜெண்டைத் திட்டித் தீர்த்திருந்தார்.

கதவு திறந்தது. மார்ஷின் தோளைப் பிடித்தபடி எலும்பும் தோலுமாக ஓர் இளைஞன் நின்றான்.

"அப்பா!"

இங்கிலாந்துச் சிறையில் செத்தே போயிருப்பான் என்று அழுது ஓய்ந்த மகன் நேதன்!

"இவனை வெளியே எடுக்க அந்த இங்கிலீஷ் அதிகாரி கால்ல விழாத குறைதான்யா" என்றார் மார்ஷ். "முன்னாடியே சொல்லி, காரியம் கெட்டுப்போனா நீ தாங்கமாட்டே. அதான் மூச்சு விடல."

தாக்லிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சீ, நானும் ஒரு மனுஷனா என்று கூசிப்போனார். மகனுக்குச் சூப் கொண்டுவரச் சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது கடிதத்தைக் கணப்பில் போட்டார். மற்ற மூன்றையும் பிடித்துவர இப்போதே குதிரைக்காரனை விரட்டவேண்டும். அந்தக் காய்ச்சல் நன்றாக இருக்கட்டும்!

"என்னய்யா எரிக்கிறே?"

"ஏதோ பழைய குப்பை. கிடியன், உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்?"

"ஒரு பாட்டில் நல்ல ஒயினா எடு, போதும்" என்று மார்ஷ் சிரித்தார். "இன்னொரு உபகாரமும் பண்ணிட்டு வந்திருக்கேன். இவனை நாந்த்லதானே இறக்கிவிட்டாங்க? அங்க ஏஜெண்ட் மேஜையில உன் முத்திரை போட்ட உறை மூணு கெடந்துச்சு. ‘மிக அவசரம்’னு வேற எழுதியிருந்தே. விடுவேனா?"

"என்னய்யா பண்ணினே?" என்றார் தாக்லி.

"மூணையும் மூணு கப்பல்ல ஏத்தி, கண்ணுக்கு மறையுற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான்யா வந்தேன்!"