அடிப்பாரம்

“படகோட அடியில கெடந்த ஈயம் பூரா இங்க கெடக்கே! என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கிய அண்ணாச்சி?”

பருத்தி மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியின் வாசலில் நின்று கத்தினான் இன்பராஜ். அவன் தூத்துக்குடியில் படகுகளைப் பழுது பார்ப்பவன். படகைத் தாங்கி நின்ற இரும்பு முட்டுகளை எடுத்துச் செல்லும் பொருட்டே திருச்சுழிக்கு அருகிலிருந்த அத்தோட்டத்திற்கு வந்திருந்தான்.

தோட்டத்துக்காரர் கோட்டைச்சாமி கட்டிலை விட்டு எழவில்லை.

“எதுக்கு இந்தக் கத்து கத்துற தம்பி? வேண்டாத கனம்னு நாந்தேன் வெட்டி எடுத்தேன்.”

அவருடைய மருமகன் மணிகண்டனுக்கு உரிய பழைய பாய்மரப் படகு அது. அதன் அடிப்பகுதி ஆழமான பெட்டியைப்போல் கீழே இறங்கியிருக்கும். அப்பெட்டியினுள் ஈயக்கட்டிகளை அடுக்கி, மேலே கண்ணாடியிழை பூசி மூடுவது அக்காலத்து முறை. படகின் உடலில் நீர் ஊறிவிட்டமையால், ஈரக்காற்று அறியாத கரிசல் பூமியில் அது கோடை முழுவதும் காயட்டும் என்று மணிகண்டன் அதை மாமனாரின் தோட்டத்தில் நிறுத்தியிருந்தான். முந்தைய நாள் லாரியில் ஏற்றிச் சென்றவன், அன்று காலை தனியாகவே கடலில் பாய் விரித்துவிட்டான்.

“ஈயத்தை எடுத்துட்டு உள்ள என்னத்த வச்சிய?”

“பருத்திமாரு. நல்லாக் காஞ்ச செடிக்குச்சி. தண்ணித் தொட்டி ஒட்டுறவன் மேல பைபரு பூசிக் குடுத்தான். பெத்தவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.”

“தண்ணியில எறக்கும்போது மணிகண்டன் சாருக்குத் தெரியலையா?”

“போன் போட்டாகளே! காஞ்சதுல படகு பூ மாதிரி லேசாயிருச்சு மாமான்னு அம்புட்டுச் சந்தோசம் அவுகளுக்கு.” கோட்டைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எம்மக பிரவீணாவைத்தேன் போன வருசம் கடலு கொண்டுபோயிருச்சு. மாப்பிள்ளையாவது லேசா மிதக்கட்டுமேப்பா.”

இன்பராஜ் தலையில் அடித்துக்கொண்டான்.

“மாட்டு வண்டின்னு நெனச்சியளா, லோடு கொறைஞ்சா நல்லா ஓடும்னு? தலையாட்டிப் பொம்மை பாத்திருப்பியள்ல, எப்படித் தட்டுனாலும் எந்திரிச்சு நிக்குமே, அது அடியில இருக்கிற கனத்துனால. பாயில காத்து மோதிச் சாய்க்கையில இந்த ஈயம்தான் படகை இழுத்து நிமித்தும். இது இருந்தா, புயலே வந்தாலொழிய கவுக்க முடியாது. இது இல்லாட்டி ஒரே வீச்சுதான். குப்புறப் போயிரும்!”

“அப்படியா?” என்றார் கோட்டைச்சாமி.

இன்பராஜ் மணிகண்டனின் கைப்பேசிக்கு அழைத்தான். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு பெண் குரல் அறிவித்தது. வெளியே உச்சி வெயில் கொளுத்தியது.

“மத்தியானக் காத்து எழும்புற நேரம் அண்ணாச்சி! துறைமுகத்துக்குச் சொல்லிருதேன். இப்பமே ஆளு கெளம்பினா உசுரையாவது காப்பாத்திரலாம்.”

கோட்டைச்சாமி எழுந்து வந்தார். கைப்பேசி ஏந்திய அவன் கையை இறுகப் பற்றினார். கலப்பை பிடித்துக் காய்த்த கை அது. இன்பராஜால் விரலைக்கூட அசைக்க இயலவில்லை.

“நீ சொன்னதத்தேன் தம்பி, நான் போயி விசாரிச்ச கடக்கரைக்காரன் அத்தனை பேரும் சொன்னான். அம்புட்டு ஈயமும் உள்ள இருந்தப்ப, கடலு கெணத்துத் தண்ணியாட்டம் சலனமில்லாமக் கெடந்த அன்னைக்கு, படகு கவுந்துதேன் எம்மக செத்தாள்னு போலீசுல சொல்லிட்டு வந்தவன் அந்த மணிகண்டன்.”

அவர் பிடி மேலும் இறுகியது.

“இன்னைக்குக் கவுந்துரும்.”