இரண்டு வரிசையிலும் வெற்றி

புஷ்பலீலாவின் தெருவில் அவள் வரிசை முழுக்கத் தோப்புக் கல்லூரி அணியின் பக்கம். எதிர் வரிசை துறைக் கல்லூரி அணியின் பக்கம். ஊரில் வேறெங்கும் இவர்கள் இப்படி முகம் பார்த்துக் குடியிருக்கவில்லை. அதனால் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு பக்கமும் வெற்றி வெடி போடுகிற கூத்து இங்கே மட்டும்தான்.

"தோத்துட்டும் வெடி போடுறானுவ பாரு, வெக்கங்கெட்டவனுவ" என்று ஒரு வரிசை மறு வரிசையை ஏசும்.

அன்று இறுதியாட்டம். சுவர்த்திரையில், தோப்பு அணியில் ஆடும் அவள் மகன் அஜின் சேறு தெறிக்க ஓடிக் கோல் போட்டான். அவள் கூவிய அதே நொடியில் எதிர்வீட்டு ஜெனோவாளும் "கோலு!" என்று கூவினாள். புஷ்பலீலா ஒரு நொடி எதிர்வீட்டை எட்டிப் பார்த்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம். அஜின் நின்றான். தோளில் தொங்கிய பூட்ஸில் பொட்டுச் சேறு இல்லை.

"மேட்ச்ச விட்டுட்டு எங்கல வந்த?"

"எந்த மேட்ச்சும்மா? இந்த வருசம் மைதானத்தயே தொறக்கல. தெனமும் கடக்கரையிலதான் இருக்கேன். வீட்டுக்கு வீடு அவங்கவங்களுக்குப் புடிச்ச மாதிரி ஆட்டத்த அந்தத் திரையே உண்டாக்கிக் காட்டுது. ஒனக்கு நாங்க ஜெயிப்போம். எதிர்வீட்டுல தோத்துட்டு இருப்போம், போய்ப் பாரு."

திரையில் விசில் ஊதியது. பெனால்டி. பந்தை வைத்துவிட்டு, திரையில் இருந்த அஜின் சிலுவை போட்டுக்கொண்டான்.

"எம்மா, அத அணைச்சிரு" என்றான் வாசலில் நின்றவன்.

அவள் திரும்பாமலே கையமர்த்தினாள்.

"செத்த சும்மா நில்லுல. எம் மவன் அடிக்கப் போறான்."