இயந்திரம் இல்லாத கடிகாரம்

மாடியறையில் கறுப்புத் துணிமேல் விலையுயர்ந்த கைக்கடிகாரங்களின் நகல்கள் பன்னிரண்டு வட்டமாகக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்க்கும் குழுவின் பதினொரு ஆண்கள் அமர்ந்திருக்க, பன்னிரண்டாவதைக் கொண்டுவந்தவள் மட்டும் நிற்கிறாள். ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. "அது எங்க அண்ணனோடதும்மா. போன மாசம் தவறிட்டாரு," என்கிறார் கீழ்த்தளத்துக் கண்ணாடிக்கடைக்காரர். "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று அவரே கேட்கிறார். "வாட்ச் என்னோடதுங்க. நம்ம வாட்ஸ்அப் குரூப்ல நொடிமுள்ங்கிற பேர்ல எழுதுறது நான்தான்." "ரெண்டு வருஷமா சார் சார்னு சந்தேகம் கேட்டோமே," என்று முனகுகிறார் ஒருவர். "நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன்," என்கிறாள். வட்டத்தின் நடுவே செத்தவரின் கடிகாரம். பழுதுபார்க்க இயந்திரத்தைக் கழற்றியவர் திரும்பப் பொருத்தவேயில்லை. கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் கடிகாரத்தின் பக்கவாட்டுத் திருகுக் குமிழை இழுத்து முட்களை நிறுத்திவிட்டு, ஒரே நொடியில் அமுக்கி ஓடவிடுவது இவர்கள் வழக்கம். இழுக்கிறார்கள். ஜன்னல் வெயிலில் தூசி மட்டும் அசைகிறது. டிக், டிக் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. "யாருப்பா இன்னும் நிறுத்தல?" என்கிறார் இன்னொருவர். அவள் குனிந்து நடுவில் கிடப்பதை எடுத்துப் பின்மூடியைத் திறக்கிறாள். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் கூட்டைக் காதோடு வைத்துக் கண்ணை மூடுகிறாள். ஆண்கள் துணியையே பார்க்கிறார்கள். "நிமிஷத்துக்கு ஒரு துடிப்பு விட்டுப்போகுது," என்கிறாள். கண்ணாடிக்கடைக்காரரின் முகம் வெளுக்கிறது. "அண்ணன் அதத்தாம்மா சரிபண்ணிட்டிருந்தாரு." எழுந்துபோய்க் காலி நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போடுகிறார். அவள் உட்காருகிறாள். எல்லோரும் மூச்சடக்கி எண்ணுகிறார்கள். இந்த நிமிடத்தில் ஒரு துடிப்பும் தவறவில்லை.