மூன்று மணிக்குள் காரைக்கால்

“மூணு மணிக்குத்தானே தம்பி கோர்ட்டு? அதுவரைக்கும் ஊரைக் கொஞ்சம் சுத்திக் காட்டுங்களேன். காரைக்காலுக்கு இப்பதான் முதல் தடவையா வர்றேன்.”

பேருந்தை விட்டு இறங்கியதும் வைத்தியலிங்கம் கேட்டது இதைத்தான். புகழேந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயிலுக்குப் போக வந்த மனுஷன் சுற்றுலாவுக்கு வந்தவர் மாதிரி பேசுகிறாரே!

ஆனால் அவர் கேட்டு இல்லை என்று சொல்லும் நிலையில் அவன் இல்லை. பத்து நாளைக்கு முன்னால் அவன் கார் ஒரு பெண்ணை அடித்துப் போட்டிருந்தது. ஓட்டியது அவன்தான். நிற்காமல் போனதும் அவன்தான். ‘ஓட்டினது நான்’ என்று நீதிபதி முன்னால் சொல்ல வக்கீல் குமாஸ்தா ஊரெல்லாம் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து இவரே போன் பண்ணினார். டிராக்டர் ஓட்டுகிறவர், கையில் லைசென்ஸ் வேறு. புகழேந்தியின் அப்பா கற்பூரம் கொளுத்தாத குறைதான்.

“ஏறுங்க பெரியவரே. பீச்சுக்குப் போவோம். அம்மையார் கோயில் இருக்கு. சனீஸ்வரனைப் பார்க்கணும்னா திருநள்ளாறும் பக்கம்தான்.”

“கடலு எங்க போயிடப் போவுது? ஜட்ஜ் ஐயா கேள்வி கேட்டா நான் திருதிருன்னு முழிக்கக் கூடாதுல்ல. அன்னிக்கு நீங்க போன எடத்தையெல்லாம் வரிசையாக் காட்டிடுங்க. கண்ணால பார்த்தாத்தான் மனசுல நிக்கும்.”

“அட, விவரமான ஆளுதான் நீங்க!”

முதலில் நாகூர் சாலையில் இருந்த பாருக்குப் போனார்கள். புகழேந்தியைக் கண்டதும் சப்ளையர் தங்கப்பன் பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தான்.

“என்ன சார், அன்னிக்குப் போனவருதான், ஆளையே காணோம்!”

“அன்னிக்குத் தம்பி எப்ப கிளம்பினாரு?” என்று வைத்தியலிங்கம் வெள்ளந்தியாகக் கேட்டார்.

“மத்தியானம் வந்தாருங்க, கிளம்புறப்ப ஏழு மணி. கால் நிக்கலை. நான்தானே கைத்தாங்கலா கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்!”

டிப்ஸ் கிடைக்கும் என்ற ஆசையில் அவன் இன்னும் என்னென்னவோ சொன்னான். வைத்தியலிங்கம் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

பிறகு தலத்தெருவுக்குப் போகும் சாலை. “இங்கதான்” என்று புகழேந்தி காரை ஓட்டிக்கொண்டே கையைக் காட்டினான்.

“நிறுத்துங்க தம்பி.”

அவர் இறங்கினார். சாலையோரம் ஒரு மதகு, அதை ஒட்டிப் புல். வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் துண்டைக்கூடத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை.

“எந்தப் பக்கம் விழுந்துச்சு?”

“இந்த மதகு ஓரமா. ஜவுளிக்கடையில வேலை பார்த்த பொண்ணாம். தலத்தெருவுல யாரோ அன்பழகன்னு ஒருத்தன், அவன் சம்சாரம்.”

“உடனே உசிரு போயிடுச்சா?”

புகழேந்தி செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இல்ல. கண்ணாடியில பார்த்தேன். கையைத் தூக்கி ஆட்டிச்சு.”

“நீங்க நிக்கலை.”

“குடிச்சிருக்கேன், எப்படிப் பெரியவரே நிக்கிறது?”

“சரிதான். அதையும் நான்தானே சொல்லணும்.”

அவர் குத்தவைத்து அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது. செய்யாத தப்புக்கு மனுஷன் இப்படி நடுங்குகிறாரே என்று புகழேந்திக்குக்கூட இரக்கம் வந்தது. நல்ல மனசு அவனுக்கு!

அந்த இரக்கத்தில், உடைந்த முகப்புக் கண்ணாடியை மாற்றிய பட்டறையையும் காட்டினான். அதன்பிறகு பெரிய ஓட்டலில் பிரியாணி வாங்கிக் கொடுத்தான்.

“சாப்பிடுங்க. உள்ள போனா இதெல்லாம் கிடைக்காது. மிஞ்சிப்போனா ரெண்டு வருஷம்தான், உங்க வீட்டை நாங்க பார்த்துக்குறோம்.”

“இறங்கலை தம்பி” என்றார் வைத்தியலிங்கம். தண்ணீரை மட்டும் குடித்தார்.

கோர்ட் வாசலில் அவர் அசையாமல் நின்றுவிட்டார்.

“காலெல்லாம் வெடவெடங்குது. நீங்களும் உள்ள வந்து என் கண்ணுல படுற மாதிரி நில்லுங்க. உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே சொல்லிடுவேன். இல்லாட்டி நான் பஸ் ஏறிடுறேன்.”

வக்கீல் முகத்தைச் சுளித்தார். ஆனால் வேறு வழியில்லை. புகழேந்தி உள்ளே போய்க் கதவோரம் நின்றான்.

நீதிபதி சரணடையும் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “அன்னிக்கு வண்டியை ஓட்டினது நீங்கதானா? யார் கட்டாயமும் இல்லாமத்தான் சொல்றீங்களா?”

“யாரு கட்டாயமும் இல்லீங்கய்யா. ஆள் தேடுறாங்கன்னு மருமவன் சொன்னாரு, நானாத்தான் வந்தேன். ஆனா ஓட்டினது நான் இல்லை. ஓட்டினவரு அதோ கதவோரம் நிக்கிறாரு. எங்க குடிச்சாரு, யாரு கைத்தாங்கலாக் கொண்டுவந்து விட்டாங்க, எங்க கண்ணாடி மாத்தினாரு, எல்லாத்தையும் காலையிலேருந்து அவரே கூட்டிட்டுப் போய்க் காட்டினாருங்க.”

வக்கீல் பதறி எழுந்தார். புகழேந்தி வெளியேறத் திரும்பினான். வாசலில் காவலர் குறுக்கே நின்றார்.

“நீங்க யாரு?” என்றார் நீதிபதி.

“வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டாளேன்னு மூணு வருஷமா இந்த ஊர் எல்லையை மிதிக்காதவன், கடைசியா எடுக்கும்போதுகூட வந்து முகத்தைப் பார்க்காத பாவி” என்று சொன்ன வைத்தியலிங்கத்தின் குரல் அப்போதுதான் உடைந்தது. “அந்த மதகோரம் கையை ஆட்டுனாளே எழில்மதி, அவளோட அப்பன் ஐயா நான்.”