அகல எழுத்து

“சீமெந்து மூட்டைக்குப் போடுற எழுத்து இது, அக்கா. தேயிலப் பெட்டிக்குச் சரிவராது.”

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் அச்சகம் வைத்திருக்கும் கிஷாந்த் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினான். ‘ஜீவராணி தேயிலை’ என்று தடித்து, அகன்று கிடந்தன எழுத்துகள். சுழியெல்லாம் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம், கோடெல்லாம் ரூலர் கோடு. வால், நெளிவு எதுவும் கிடையாது.

“இன்னுங் கொஞ்சம் அகலமாக்குங்க தம்பி,” என்றாள் ஜீவராணி. மழையில் வந்தவள், குளிருக்குச் சால்வையை மூக்குவரை சுற்றியிருந்தாள்.

“இதுக்கு மேல அகலமாக்குனா பெட்டி முழுக்க ஒங்க பேருதான் இருக்கும். படத்துக்கு எடம் வேணாமா?”

“படம் வேணாம்.”

கிஷாந்துக்கு எரிச்சலாக வந்தது. சொந்தப் பெயரைப் பெரிதாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். கல்யாண பேனர் என்றால் போனால் போகிறது. இது பிழைப்பு. தோட்ட வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் துண்டு நிலத்துக் கொழுந்தைக் கையாலேயே உருட்டிக் காயவைத்து விற்க வந்திருக்கிறாள். சனிக்கிழமை நுவரெலியா கண்காட்சியில் முதல் வியாபாரம். அங்கே போணியாகாவிட்டால் மறுபடியும் கூடையைத் தூக்க வேண்டியதுதான் என்று அவளே சொல்லியிருந்தாள்.

“ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்க்கா. இதப் பாருங்க.”

திரையில் ஒரு படத்தைத் திறந்தான். முதுகில் கூடையோடு ஓர் இளம்பெண் வாய்கொள்ளாமல் சிரித்தாள். தாடையில் மிளகு மாதிரி ஒரு மச்சம்.

“எங்கிட்ட வர்ற தேயிலக்காரங்க எல்லாரும் இந்தப் புள்ளையத்தான் போடுறாங்க. கினிகத்தேனைக் கடைங்கள்ல பாருங்க, எந்தப் பெட்டியத் திருப்புனாலும் இவதான். இந்தச் சிரிப்புக்கே விக்குது. ஒங்களுக்குச் சும்மாவே போட்டுத் தர்றேன்.”

ஜீவராணி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“தோட்டத்துல கொழுந்து கொறஞ்சா அரைப் பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளம். நீங்களாச்சும் எனக்கு முழுப் பேரா போடுங்க தம்பி.”

அவன் சிரித்துவிட்டான். “பேரு யாருக்குக்கா வேணும்? சனம் மொகத்தப் பாத்துத்தான் வாங்குது.”

“இத யாரு எடுத்தாங்க?”

“எவனோ வெள்ளக்காரன். சுத்திப் பாக்க வந்தவன் எடுத்து இன்டர்நெட்ல போட்டுட்டான். ரொம்பப் பழைய படம்.”

“இந்தப் புள்ள பேரு என்னன்னு போட்டிருக்கா?”

“அதெல்லாம் யாரு போடுறா? யாருக்கும் தெரியாது.”

ஜீவராணி சால்வையைக் கழுத்துக்கு இறக்கினாள். வற்றிப்போயிருந்த அந்த முகத்தில், தாடையில், அதே மச்சம் இருந்தது.

“அதான் தம்பி, பேரப் பெருசா போடச் சொல்றேன்.”