கருணாவதி கேட்காத கேள்வி

1993 ஜனவரி 11, பதுளை மாவட்டம். தோட்டத்துக்குக் கீழே, பஸ் பாதையோரச் சிங்களப் பாடசாலையில் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அவள், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள் கலாமதி, நின்றபடி.

மேசைக்கு அந்தப் பக்கம் அதிபர். வெள்ளைச் சேலை, மூக்குக்கண்ணாடி. தோட்டத்துப் பிள்ளைகளை எடுப்பதில் அவருக்கு மறுப்பு இல்லை. வீட்டில் பாடம் பார்க்கப்போகிறவருக்குச் சிங்களம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புருஷன் வரவில்லை. தேயிலை ஆலையில் பகல் முறை. வந்தாலும் பயனில்லை, அவனுக்குச் சிங்களம் ஓடாது.

மேலே தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலை ஐந்தாம் ஆண்டோடு முடிகிறது. மூத்தவன் அங்கே படித்து முடித்தவன்தான். இப்போது கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கிறான்.

அவளுக்குச் சிங்களம் தெரியும். கடைத்தெருவுக்குப் போதுமான சிங்களம். மீதியைக் கருணாவதி சொல்லித் தந்திருந்தாள்.

கருணாவதி கீழ்க்கிராமத்துச் சிங்களப் பெண். அடுத்த தேயிலை நிரையில் கொழுந்து பறிப்பவள். மழைக்காலம் முழுவதும், கை ஓடிக்கொண்டிருக்க, அதிபரின் குரலில் கேள்வி கேட்டாள். பிள்ளைக்கு என்ன வயது? பிறந்தது எங்கே? வீட்டில் யார் பாடம் பார்ப்பது? பதில் பிசகினால் தமிழில் ஏசுவாள்.

"நான் இப்ப பெரிய மிஸ். சிரிச்சா புள்ளயோட சேத்து ஒன்னயும் வெரட்டிருவேன்."

இரண்டு நிரைகளும் சேர்ந்து சிரிக்கும்.

மகளுக்கு அவள் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று. காலையில், தலை வாரிவிடும்போது. உள்ளே போனால் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தமிழ்தான் வரும்.

அதிபர் வயதைக் கேட்டார். சொன்னாள்.

பிறந்த இடம். சொன்னாள்.

பாடம் பார்ப்பது நான்தான் என்றாள், 'மேடம்' சேர்த்து.

அதிபர் புன்னகைத்தார். பேனாவை எடுத்தார். பிறப்புச் சான்றிதழைப் புரட்டியபடி, பேச்சோடு பேச்சாக, கணவரின் பெயர் என்ன என்று கேட்டார்.



கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் சொன்னதில்லை. அவள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. தோட்டத்து ஆபீசில் கேட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். டிஸ்பென்சரியில் பிள்ளை சொல்லும்.

கருணாவதிக்கும் அது தெரியும். இத்தனை வருஷம் இவர்களோடு வேலை செய்தவள். அதனால் அந்தக் கேள்வியை மட்டும் அவள் கேட்டதே இல்லை.

அதிபர் மறுபடி கேட்டார். இம்முறை மெதுவாக, உரக்க.

அவள் சான்றிதழில் பெயர் இருந்த வரியைத் தொட்டுக் காட்டினாள்.

அந்த வரி அதிபருக்கும் தெரிந்தது. வாயால் சொல்லச் சொன்னார்.

இது எங்கள் வழக்கம் என்று சொல்லலாம். அதற்கான சிங்களம் அவளிடம் இல்லை.

மகளைப் பார்த்தாள்.

கலாமதி உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தபடி நின்றாள்.

அதிபர் பேனாவை மூடினார். கோபமில்லை. நாலு பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிற தாய்மார் வருஷா வருஷம் உண்டு என்று பக்கத்து ஆசிரியையிடம் சொன்னார். பாவம், என்றும் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, மேலே, தோட்டப் பாடசாலை இருக்கும் மலையைக் கையால் காட்டினார்.

அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

ஏற்றத்தில் பாதித் தூரம் ஏறியிருந்தார்கள். அப்பா பெயரை ஏன் சொல்லவில்லை என்று மகளைக் கேட்டாள்.

"நீதானம்மா பேசக் கூடாதுன்ன."

மறுநாள் தோட்டப் பாடசாலைக்குப் போனார்கள். அங்கே மாஸ்டர் அவளைக் கேட்கவில்லை. குனிந்து பிள்ளையிடம் அப்பா பெயரைக் கேட்டார்.

"செம்புலிங்கம்," என்றாள் கலாமதி, சத்தமாக.

மாஸ்டர் எழுதிக்கொண்டார். முதலாம் ஆண்டு, தமிழ் மொழிமூலம்.